பூமணி அக்காவின் குசினி லைட்

போன மாதம் என் மகன் எங்கள் கிளமெண்டி வீட்டுச் சமையலறையில் புதிதாக ஒரு விளக்கை மாட்டிவிட்டுப் போனான். மேல் அலமாரிக்கு அடியில் பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்விட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும்.

"இது சென்சார்லா அம்மா. நீங்க லைட்ட போட்டுட்டு மறந்துபோய் டிவி பாக்க உக்காந்துட்டாலும் கரண்டு வேஸ்ட் ஆகாது" என்றான்.

நான் எப்போது மறந்தேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உதாரணங்களோடு பதில் வந்திருக்கும்.

விளக்கு நல்ல விளக்குதான். ஆனால் நான் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கும்போது என் விரல்கள் அசைவதை அது அசைவாகவே எடுத்துக்கொள்வதில்லை. பாதியில் பட்டென்று அணைந்துவிடுகிறது. நான் கத்தியைத் தூக்கிக் காற்றில் நாலு வீசு வீசுகிறேன். உடனே எரிகிறது. எதிர் பிளாக்கிலிருந்து பார்க்கிறவர்கள் இந்தக் கிழவிக்கு யாரோடு சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தச் சின்னக் கறுப்புக் கண் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இவள் வேலை செய்கிறாளா, சும்மா நின்று வெளிச்சத்தைத் தின்கிறாளா என்று கணக்குப் பார்க்கிறது. இந்த உணர்வு எனக்குப் புதிதல்ல. இதே மாதிரி ஒரு பார்வைக்குக் கீழே நான் மூன்று வருடம் சமைத்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமான புதிது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மாவு மில். மிளகாய் அரைக்கும் நாளில் மாடியில் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். அதனாலேயே எனக்கு இன்றைக்கும் பாக்கெட்டில் அடைத்த மிளகாய்த் தூள்மேல் நம்பிக்கை கிடையாது. தும்மல் வராத தூளில் என்ன இருக்கிறதோ.

மாடியைப் பலகைத் தடுப்புகளால் பிரித்து மூன்று குடித்தனம் ஆக்கியிருந்தார்கள். முன்பக்கம், தெருவைப் பார்த்த பெரிய அறையில் எங்களுக்கு வாடகைக்கு விட்டவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். கணவர் ரோச்சோர் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் எழுத்து வேலை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களைக் கிராணி என்போம். எல்லோருக்கும் அவர் கிராணியார்தான். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாது. அவர் மனைவிதான் பூமணி அக்கா. உயரமான பெண்மணி, நிமிர்ந்த நடை. ஒரே மகள், ஈப்போவில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நடு அறையில் நானும் என் கணவரும். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் மதிய நேர வகுப்பு ஆசிரியை. மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் கிளம்பினால், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். கடைசி அறையில் ரோசம்மா. ஆஸ்பத்திரியில் உதவியாளர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், தனியாள். கணவன் என்று ஒருவர் இருந்தாராம். எங்கே என்று கேட்டால், "நல்லா இருப்பாரு, எங்கயோ" என்று சிரிப்பாள். முறைமாற்றி வேலை. ராத்திரி வேலை பார்த்தால் பகல் முழுக்கத் தூக்கம்.

மூன்று குடித்தனத்துக்கும் பின்பக்கத்தில் ஒரே சமையலறை. அதைப் பூமணி அக்கா குசினி என்பார். எனக்கு முதலில் அது ஏதோ பலகாரத்தின் பெயர் மாதிரிக் கேட்டது. அந்தக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. மேலே வெளிச்சம் வர விட்டிருந்த திறப்பையும் மழைத் தண்ணீர் வருகிறதென்று யாரோ தகரம் போட்டு மூடிவிட்டார்கள். பட்டப்பகலிலும் மசமசவென்று இருக்கும். கரியும் மண்ணெண்ணெயும் வறுத்த கருவாடும் சேர்ந்து சுவரில் ஊறிப்போன ஒரு வாசம். நடுவில் ஒரு மேஜை. அதன் ஓரமாக, நடக்கிற வழியில், உத்தரத்திலிருந்து வயரில் தொங்கும் ஒற்றை பல்பு. வயரை யாரோ தாராளமாக விட்டிருந்ததால் பல்பு ஆள் நெற்றி உயரத்துக்குத் தொங்கும். பூமணி அக்கா குனிந்துதான் அதைக் கடப்பார். நான் குள்ளம், எனக்குக் கவலையில்லை.

கரண்டுக்கு மூன்று வீட்டுக்கும் ஒரே பில். அதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அவரவர் அறையில் எரிவது அவரவர் கண்ணுக்குத் தெரியும். குசினி லைட் யாருக்காக எரிகிறது என்று யார் சொல்வது? பூமணி அக்கா அதைச் சிக்கனப்படுத்த எடுத்த முயற்சிகளை ஒரு பள்ளிப் பாடமாகவே வைக்கலாம். முதலில் அறுபது வாட் பல்பைக் கழற்றிவிட்டுப் பதினைந்து வாட் போட்டார். அந்த வெளிச்சத்தில் நான் கழுவிய மீன்களில் பாதி செதிலோடு குழம்புக்குப் போயின. என் கணவர் ஒரு செதிலை நாக்கிலிருந்து எடுத்து, "டீச்சரம்மா, இது மீனா, சீலையில தைக்கிற ஜிகினாவா?" என்று கேட்டார். பிறகு ஒருவர் மட்டும் சமைக்கும்போது லைட் போடக்கூடாது, இரண்டு பேர் சேர்ந்தால் போடலாம் என்று சட்டம் வந்தது. நானும் ரோசம்மாவும் வேண்டுமென்றே சேர்ந்து சமைப்போம். அக்காவுக்கு அதிலும் ஐமிச்சம். சந்தேகத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் அவரிடம்தான் கற்றேன், நன்றாகவே கற்றேன்.

ஆனால் கிராணியார் அந்த விஷயத்தில் ஒரு மகான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மாடிப்படியில் ஒரு விளக்கு உண்டு. அவர் போடவே மாட்டார். இருட்டில் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு தடதடவென்று ஏறி வருவார். "எனக்கு லைட் தேவையில்லை. படி எனக்குப் பாடம்" என்பார். அக்கா எங்களைப் பார்ப்பார், கேட்டீர்களா என்பது போல. வைத்திருந்த சைக்கிளையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, உடம்புக்கு நல்லதென்று ஆபீசுக்கு நடந்தே போனார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அக்கா சோறு போட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடுவார். கிராணியார் கீழே ஐந்தடியில், அதாவது கடை வாசல் நடைபாதையில், நின்று பேப்பர் பார்த்துவிட்டுத் திரும்ப ஆபீசுக்குப் போவதாக ஏற்பாடு.

ஒரு நாள் அக்கா தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போயிருக்கிறார். லைட் எரியவில்லை. அரைத் தூக்கத்தில் குனிய மறந்துவிட்டார். பல்பு நெற்றியில் பட்டது. சுட்டது.

எரியாத பல்பு ஏன் சுட வேண்டும்?

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"பிள்ளை, லைட் சூடாக் கிடந்தது. ஆரோ போட்டிட்டு, நான் வாற சத்தங் கேட்டு நூத்திருக்கினம்."

"நான் ஸ்கூல்ல இருந்தேன்க்கா."

"நீர் இருந்தனீர் எண்டு எனக்குத் தெரியும். நான் உம்மைச் சொல்லேல்லை."

என்னைச் சொல்லாவிட்டால் பாக்கி யார்? என் கணவருக்கு அந்த வாரம் பகல் வேலை. கிராணியார் மகான். ரோசம்மாவுக்கு ராத்திரி வேலை, பகலில் வீட்டில்தான் இருந்தாள். அக்கா என்னை நீர் என்பார், ரோசம்மாவை நீ என்பார். அந்த ஒரு எழுத்திலேயே வழக்கு முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா மத்தியானத்தில் சரியாகத் தூங்கவே இல்லை என்று நினைக்கிறேன். எழுந்து வந்து, சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பல்பைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சில நாள் குளிர்ந்திருக்கும், சில நாள் கொதிக்கும். கொதித்த நாளில் எல்லாம் ரோசம்மாவின் கதவைப் பார்த்துக்கொண்டு, கேட்கும்படியாக, "மத்தியானத்திலை குசினியிலை ஆருக்கு என்ன அலுவலோ" என்பார்.

ரோசம்மா சும்மா இருக்கிறவள் அல்ல. "நான் என்ன லைட்ட புட்டு மாதிரி தின்னவா போறேன்? தூங்குறவள எழுப்பித் திருடின்னா எப்படிலா?" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். என்னிடம் தனியாகச் சொன்னாள், அக்காவே லைட்டைப் போட்டு அணைத்துவிட்டுப் பழியைப் போடுகிறார், தன்னைக் கிளப்பிவிட்டு அறையைச் சொந்தக்காரர் யாருக்கோ கொடுக்கத் திட்டம் என்று. எனக்கு அது நியாயமாகவே பட்டது. என் கணவருக்கு மாவு மில்காரர்மேல் சந்தேகம், கீழே இருந்து வயர் இழுத்திருப்பார் என்று. வயர் இழுத்தால் பல்பு ஏன் சுடும் என்று கேட்டேன். "அதான் தெரியல" என்றார். அவர் ராத்திரி சிகரெட் பிடிக்கக் குசினிக்குப் போவது எனக்குத் தெரியும், ஆகவே நான் அவரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பல்பை வைத்துக்கொண்டு ஐந்து பேர், ஆளுக்கு ஒருவரைச் சந்தேகித்துக்கொண்டு, ஒரே அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். மத்தியானம் சமையல் முடிந்ததும் பல்பையே கழற்றி, துணியில் சுற்றி, தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். சாயங்காலம் திரும்ப மாட்டுவார். "இனி ஆர் போடுறது எண்டு பாப்பம்" என்றார். அதுதான் அவருடைய சிக்கனத்தின் உச்சம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நல்ல மழை. பள்ளியிலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். கீழே மில் வாசலிலேயே மேலிருந்து சத்தம் கேட்டது. ஏறிப் போனால் குசினியில் எல்லோரும் இருந்தார்கள். கிராணியார் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தது. வலது பாதம் சிவந்து, அங்கங்கே நீர் கோத்துக் கிடந்தது. ஈரத்துணி போட்டிருந்தார்கள். ரோசம்மா சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு. பூமணி அக்கா நடுவில். பல்பு மாட்டப்பட்டு எரிந்துகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மத்தியானம் அக்கா படுத்த பிறகு, கிராணியார் குசினிக்குப் போய், கரி அடுப்பின்மேல் இருந்த கெண்டியிலிருந்து கோப்பிக்கு வெந்நீர் ஊற்றியிருக்கிறார். தண்ணீர் குவளையில் விழவில்லை. பாதத்தில் விழுந்தது. அவர் போட்ட அலறலில் முதலில் ஓடி வந்தவள் ரோசம்மா. கீழே உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். அடுத்து அக்கா வந்தார். மசமசத்த குசினியில், தன் புருஷனின் கால் ரோசம்மாவின் மடியில் இருப்பதைத்தான் முதலில் பார்த்தார்.

அதுவரை லைட் திருடியாக இருந்தவள் அந்த நிமிடத்தில் வேறு திருடியாகிவிட்டாள். நான் வந்த சாயங்காலம் வரை அந்தச் சண்டை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது.

"இப்பதானே விளங்குது" என்றார் அக்கா, என்னைச் சாட்சிக்கு இழுத்து. "பேப்பர் பாக்க இறங்கிப் போறன் எண்டு இவர் எனக்குச் சொல்லுறது. இவர் இறங்கிப் போறதேயில்லை, பிள்ளை. இஞ்சைதான் நிண்டிருக்கிறார். இவள் அங்காலை அறையிலை. இவ்வளவு நாளும் மத்தியானத்திலை குசினி லைட் ஏன் எரிஞ்சது எண்டு இப்ப விளங்குதோ?"

"அக்கா, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க" என்றாள் ரோசம்மா. "நான் அவர் காலப் புடிக்கல. வெந்த கால்ல தண்ணி ஊத்துனேன். ஆஸ்பத்திரியில டெய்லி செய்யற வேல அது."

"அப்ப லைட்?"

"லைட்டு லைட்டு! நான்தான் போட்டேன்னு வச்சுக்குங்க. போதுமா? நாளைக்கே ரூம காலி பண்றேன்."

"நான்தான் போட்டது" என்றார் கிராணியார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு நாளும் நான்தான் போட்டது. அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "படிக்கே லைட் போடாத மனுசன் பட்டப்பகலிலை குசினிக்கு லைட் போட்டதாம். அவளுக்காக ஏன் பொய் சொல்லுறியள்? அவளைக் காப்பாத்த உங்களுக்கு என்ன கடமை?"

தகரத்தில் மழைச் சத்தம். கிராணியார் மெதுவாகக் கேட்டார்:

"பூமணி, நீர் இப்ப என்ன நிறச் சீலை உடுத்திருக்கிறீர்?"

"என்ன கேள்வி இது?"

"எனக்குத் தெரியேல்லை. அதுதான் கேக்கிறன். போன வருசத்திலையிருந்து தெரியேல்லை."

அக்கா அன்று நல்ல மஞ்சள் நிறத்தில் சேலை கட்டியிருந்தார். ஒரு கை தூரத்தில் நின்றார்.

பிறகு அவர் சொல்லச் சொல்லத்தான் எல்லாம் புரிந்தது. ஓரத்திலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை சுருங்கி வந்திருக்கிறது. படியில் சுவரைத் தடவி ஏறியது அதனால். சைக்கிளைக் கொடுத்தது அதனால். ஆபீசில் மத்தியானத்துக்கு மேல் பார்க்க வேண்டிய கடிதங்களைக் காலையிலேயே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாராம். அக்கா படுத்ததும், தாழ்வாகத் தொங்கிய அந்தக் குசினி பல்பின் வெளிச்சத்தில், கண்ணில் இடிக்கும் அளவுக்குக் காகிதத்தைக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு வரியாக மனப்பாடம் செய்துகொண்டு போய், ஆபீசில் படிக்கிற மாதிரி நடித்து வேலை செய்வாராம். அவர் அறையிலும் விளக்கு உண்டு, ஆனால் உயரத்தில், அதோடு கீழே அக்கா படுத்திருப்பார். குசினி லைட்தான் முகத்துக்கு நேராக இருந்தது. அதைக் கழற்றிக்கொண்டு போன பிறகு இரண்டு நாள் கடிதம் படிக்காமலே போயிருக்கிறார். அன்று கெண்டியும் குவளையும் எங்கே இருக்கின்றன என்று கையால் பார்த்து வைத்துத்தான் ஊற்றினார். குவளை கொஞ்சம் தள்ளி இருந்துவிட்டது.

"உமக்கு ஏன் சொல்லேல்லை எண்டு கேளாதையும்" என்றார் அக்காவிடம். "கண் தெரியாத கிராணியை எந்தக் கந்தோர் வச்சிருக்கும்? உமக்குச் சொன்னால் நீர் முகத்திலை காட்டுவீர். ஊருக்குத் தெரிஞ்சிடும்."

அக்கா கிட்ட வந்தார். அவர் முகத்துக்கு முன்னால் கையை அசைத்துப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவருக்கு ஐமிச்சம் தீரவில்லை என்று எனக்குத் தோன்றியது. முதலில் நேராக அசைத்தார், கிராணியாரின் கண்கள் லேசாக நகர்ந்தன. பிறகு பக்கவாட்டில் அசைத்தார். அவர் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார், அந்தத் தண்ணீர் கொட்டிய தரையிலேயே, மஞ்சள் சேலையோடு. ரோசம்மா அவரைத் தாண்டிப் போய் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

ரோசம்மாதான் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். யாரைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, போன பார்வை போனதுதான், மருந்து விட்டால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்றார்களாம். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்றும் ஒரு வார்த்தை சொன்னார்களாம். அதை ரோசம்மா என்னிடம் மட்டும் சொன்னாள். அக்காவிடம் சொல்லவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்ட அந்த வாரத்திலேயே அவள் அறையைக் காலி செய்தாள். ஆஸ்பத்திரி விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதை பிள்ளை" என்றார். அன்று பிள்ளை ஆகிவிட்டாள். ரோசம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் பெட்டியையும் கீழே வைக்கவில்லை. "லைட்டு திருடின்னு சொன்னத மறந்துருவேன்க்கா. இன்னொண்ணு சொன்னீங்களே, அதோட இந்தக் குசினியில எனக்குச் சமைக்க வராது" என்றாள். படியில் அவள் இறங்கும்போது நான் மாடிப்படி விளக்கைப் போட்டேன். அக்கா அணைக்கச் சொல்லவில்லை.

பிறகு ஒரு தீபாவளிக்கு அக்கா பலகாரத்தை டின்னில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த விடுதிக்குத் தனியாகப் போய் வந்தார். வந்ததும் நானே கேட்டேன்.

"வாங்கினவள். சிரிச்சவள். வாசலிலை நிண்டே கதைச்சவள்" என்றார். உள்ளே வரச் சொல்லவில்லை என்பதை அப்படிச் சொன்னார். பிறகு நெடுநேரம் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

குசினிக்கு நூறு வாட் பல்பு வந்தது. பதினைந்துக்குப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது வெயிலில் நிற்கிற மாதிரி இருந்தது. சுவரின் கரிப்படலம், கரப்பான்கள், இத்தனை நாள் நான் சுத்தம் என்று நினைத்திருந்த என் பாத்திரங்களின் அடிப்பாகம், எல்லாம் தெரிந்தது. அக்கா கிராணியாரைக் கூட்டிவந்து பல்புக்கு அடியில் உட்கார வைத்து, "இப்ப எப்படி?" என்று கேட்டார்.

"நல்ல பிரகாசமாயிருக்கு" என்றார் அவர். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. அவருக்கு உண்மையில் எவ்வளவு தெரிந்தது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கத் தெரிந்த மனிதர் அவர்.

கம்பெனியில் அவரைக் கௌரவமாகவே அனுப்பி வைத்தார்கள். நாங்கள் அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, குழந்தை பிறந்ததும் தோ பாயோவில் வீடு கிடைத்துப் போனோம். சொந்தச் சமையலறை, சொந்த ஸ்விட்ச். முதல் வாரம் லைட்டைப் போடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை என்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து, புளிக்கு அவசரம் என்றபோது கேட்க ஆள் இல்லை என்பதும் தெரிந்தது.

ஆனாலும் சாமான் வாங்க நான் தேக்கா பசாருக்குத்தான் வருவேன். வரும்போது சில சாயங்காலங்களில் அவர்களைச் சிராங்கூன் ரோட்டில் பார்ப்பேன். அக்கா அரை அடி முன்னால், கிராணியார் அவர் தோளில் விரல் நுனியை வைத்துக்கொண்டு பின்னால். அதற்குள் அவருக்கு நேர்ப் பார்வையும் போய்விட்டிருந்தது. அக்கா வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே நடப்பார். நான் சில சமயம் கூப்பிடாமல் பின்னாலேயே போய் அதைக் கேட்டிருக்கிறேன்.

"இஞ்சை படி ஒண்டு, காலைத் தூக்குங்கோ. பால்காரன் மாட்டை நடு ரோட்டிலை விட்டிட்டு நிண்டு கதைக்கிறான், பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், அவனுக்குக் காது கேட்டால்தானே. வெத்திலைக்காரி இண்டைக்குப் பச்சைச் சீலை. பூக்காரன் முழத்தைக் குறைச்சு அளக்கிறான், நான் பாத்துக்கொண்டுதான் வாறன். எண்ணெய் ஆட்டுற இடத்திலை ரெண்டு சீனர் நிக்கினம், என்ன யோசினையோ தெரியேல்லை."

அதே கண்தான். எல்லோரையும் வேவு பார்த்த அதே கண், இப்போது பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. கிராணியார் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவார். சில இடங்களில் சிரிப்பார்.

கடைசியாக நான் அவர்களைப் பார்த்தது அறுபதுகள் முடிகிற சமயம். மகளிடம் ஈப்போவுக்கே போய்விடப் போகிறோம் என்று அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அக்கா சொல்லியிருந்தார். தெரு மாறத் தொடங்கியிருந்தது. சுகாதாரத்துக்காரர்கள் மாடுகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். காஸ் அடுப்பு பரவியதால் முனையில் இருந்த கரிக்கடை மூடிப் பல மாதமாகிவிட்டது. கதவில் யாரோ ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கியது. நான் கையில் காய்கறிப் பையோடு சாலைக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். ரோடு அன்று கொஞ்சம் அமைதியாக இருந்ததால் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பால்காரன் இண்டைக்கும் மாட்டைக் கட்டேல்லை பாருங்கோ" என்றார், மாடே இல்லாத ரோட்டைப் பார்த்து. கரிக்கடைக்கு முன்னால் வந்ததும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். "கரிக்கடைக்காரர் வாசலிலைதான் இருக்கிறார். உங்களுக்குக் கை காட்டுறார்."

கிராணியார் நின்றார். முகத்தை அந்த மூடிய கதவுப் பக்கம் சரியாகத் திருப்பி, கையை உயர்த்தி, "சுகமோ?" என்று கேட்டார். பதிலுக்காகக் கொஞ்சம் பொறுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அக்காவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார்.